கதவிடுக்கில் ஒற்றைச் செருப்பு

பரமானந்தம் மாமா எந்த அறைக்குள் போனாலும் வலது கால் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போவார். இடது செருப்பு வாசலில் கிடக்கும். வலது செருப்பு, கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளாதபடி அதன் அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கும். கோவில், தபாலாபீஸ், பல் வைத்தியர் அறை, கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கூடம், எங்கேயும் இப்படித்தான். கொடைக்கானலில் டிசம்பர் மாதத்தில் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தாலே உள்ளே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். யாராவது எழுந்து செருப்பைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினால் அவர் சண்டை போட மாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார். காதைத் துண்டால் சுற்றிக்கொண்டு, உள்ளே காரியம் முடிகிறவரை பனியில் நிற்பார்.

எங்கள் லைன் வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் அம்மா லீமாவுக்கு வாய் அதிகம். "அண்ணே, ஒங்க சவப்பொட்டிய மூடுறப்பயும் செருப்ப வச்சுத்தான் மூடணும் போல" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே, "மறந்துறாத லீமா" என்பார்.

ஆறு வருடத்துக்கு மேல் இந்தப் பழக்கத்தைப் பார்த்தேன். அதன் காரணம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர், மேனேஜர் உபகாரம், நான்.

வட்டக்கானல் போகிற பாதையில் பெல்மோர் இல்லம் என்று ஒரு ஓய்வு விடுதி இருந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நடத்தியது. நாற்பது அறை, இருபத்திரண்டு வேலையாட்கள். அம்மா அங்கே சமையற்கட்டில் இருந்தாள். மாமாவுக்கு வெந்நீர் வேலை. இலங்கையில் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு வந்தபோது மனைவி கூட வந்தாள். வந்து இறங்கிய முகாமில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துவிட்டாள். 1974இல் தனி ஆளாகக் கொடைக்கானல் வந்து சேர்ந்தார். வேலையாட்களுக்கு விடுதி கொடுத்திருந்த வரிசை வீடுகளை நாங்கள் லைன் என்றோம், அவர் கடைசிவரை லயம் என்றுதான் சொன்னார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வேலை போனால் அந்த ஒற்றை அறையும் போய்விடும், திரும்பிப் போவதற்கு ஊர் என்று எதுவும் கிடையாது என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஏழு வருடம் தைலமரக் கட்டையை எரித்துத் தண்ணீர் சுடவைத்தார். 1981 மே மாதத்தில் அறக்கட்டளை ஒரு புது பாய்லரை அனுப்பியது. கப்பலில் வந்து, சென்னையிலிருந்து லாரியில் ஏறி, மலைப்பாதையில் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. பீரோ அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. புகைபோக்கி கிடையாது. நாலு கேஸ் சிலிண்டரை ஒன்றாக இணைத்து அதற்குக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் ஒரே நாளில் பொருத்திவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்று மாலை பஸ்ஸிலேயே இறங்கிப் போனார்.

அந்தப் பெட்டியைப் புரிந்துகொள்ள மாமாவுக்கு ஒரு மாதம் ஆனது. அதில் தீ நின்று எரிவதில்லை. உள்ளே ஒரு சின்ன அறை. கொஞ்சம் கேஸும் கொஞ்சம் காற்றும் அதற்குள் போகும். முதல் தடவை மட்டும் ஒரு பிளக் பொறி தட்டும், மோட்டார் பைக்கில் இருப்பதுபோல. டப்பென்று ஒரு குட்டி வெடிப்பு. வெடித்த வேகத்தில் எரிந்த வாயு பின்பக்கக் குழாய் வழியாகப் பாய்ந்து ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகும். அது புதுக் காற்றையும் கேஸையும் தானே இழுத்துக்கொள்ளும். சுவர் இன்னும் சூடாக இருப்பதால் அதுவும் தானே வெடிக்கும். இப்படி ஒரு நொடிக்குள் பல தடவை. ஓடத் தொடங்கிய பிறகு பிளக்கும் வேண்டாம், காற்றாடியும் வேண்டாம். ஒரு வெடிப்பின் சூடு அடுத்த வெடிப்பைப் பற்றவைக்கும். காற்று வரும் வாயில் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. உள்ளே இழுக்கும்போது திறக்கும், வெடிக்கும்போது மூடிக்கொள்ளும். அந்தத் தகடு தேய்ந்தாலோ, பின்குழாய் அடைத்துக்கொண்டாலோ மொத்தமும் நின்றுவிடும்.

இதை எல்லாம் அவருக்கு வாசித்துச் சொன்னது நான். பாய்லரோடு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வந்திருந்தது. மேனேஜர் உபகாரத்துக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பாய்லர் ரூமுக்குள் வந்து உட்கார்ந்து வாசிக்க அவருக்கு நேரமில்லை. நான் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன். திண்டுக்கல்லில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அம்மா என்னை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த நாட்கள். மாமா புத்தகத்தைக் கொண்டுவந்து, "நின்னு போனா என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு பாப்பா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நான் கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். அங்கே ஒரு அட்டவணை இருந்தது. என்ன கோளாறு, எதனால், என்ன செய்யவேண்டும் என்று மூன்று கட்டம். பற்றவில்லையா, பிளக்கைத் துடை. பற்றி உடனே நின்றுவிடுகிறதா, தகட்டைப் பார். கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறதா, வெளியேறும் குழாயில் அடைப்பு இருக்கிறதா பார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சுவரில் கரியால் படம் போட்டுக்கொண்டார். ஒரு வரியில் மட்டும், சத்தம் மந்தமாகவும் கனமாகவும் இருந்தால் நாலாம் பக்கம் பார்க்கவும் என்று போட்டிருந்தது. அதையும் சொன்னேன். மாமா பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டார். "சத்தம் நல்லாத்தான இருக்கு" என்றார். நானும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. வேறொரு பாய்லர் அப்படி ஓடிக் கேட்டிருந்தால் அல்லவா எது மந்தம் என்று தெரியும்? மலையில் இருந்ததே அது ஒன்றுதான்.

நாலாம் பக்கத்தை நான் திருப்பவில்லை. முதல் பக்கங்களில் எச்சரிக்கைகள் பெரிய எழுத்தில் இருந்தன. எல்லாப் புத்தகத்திலும் முன்னால் அப்படித்தான் ஏதாவது போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். யார் அப்படி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? ஏழு வருடமாக யோசிக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சைக்கு வராத பக்கத்தை விட்டுவிட்டுப் படித்தே பழகியவள் நான்.

அந்த வருடம் மழை முடிந்து டிசம்பரில் உறைபனி விழுந்தது. விடியற்காலையில் புல்வெளி உப்பு கொட்டினதுபோல் வெள்ளையாகக் கிடக்கும். பாய்லர் தினமும் காலை நாலரைக்குப் பற்றி, கால் மணி நேரம் ஓடி நின்றது. நாற்பது அறைக்கும் வெந்நீர் இல்லை. உபகாரம் வந்து கத்தினார். மாமா அட்டவணைப்படி தகட்டைக் கழற்றிப் பார்த்தார், பிளக்கைத் துடைத்தார். மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார். எரிந்த வாயு வெளியேறுகிற குழாய் பிளாஸ்டிக். இரண்டங்குல அகலம். வடக்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. அதில் சதா தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீர் குழாயின் வாயில் உறைந்து ஐஸ் கட்டியாகி அடைத்திருந்தது. ஐஸைத் தட்டிவிட்டதும் பெட்டி ஓடியது. மறுநாள் காலையில் மறுபடியும் அடைத்தது.

அவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. கோளாறு என்ன, காரணம் என்ன, என்ன செய்யவேண்டும் என்று அந்த மூன்று கட்டத்தின்படிதான் யோசித்தார். குழாயின் வாய் குளிரில் இருப்பதால் உறைகிறது. குளிர் இல்லாத இடத்துக்கு வாயைத் திருப்பினால் உறையாது. பாய்லர் ரூமை ஒட்டி, துணி காயப்போடுகிற அறை இருந்தது. அதன் மூலையில் சாக்கடைத் துவாரம் இருந்தது. இடைச்சுவரைத் துளைத்து, குழாயை அந்த அறைக்குள் சுவரோரமாக நீட்டி, வாயைத் துவாரத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். தண்ணீர் நேராகத் துவாரத்தில் சொட்டியது. அதோடு கோளாறு தீர்ந்தது.

விறகு எரித்துப் பழகிய மனிதருக்குப் புகை என்றால் என்ன என்று தெரியும். கண்ணைக் கரிக்கும், மூக்கில் ஏறும், சுவரைக் கறுப்பாக்கும். இந்தக் குழாயில் வந்தது அப்படி இல்லை. இளஞ்சூடு, வெள்ளை, வாசனை கிடையாது. கையை நீட்டினால் ஈரம். ஆவி என்றே எல்லோரும் நினைத்தோம். நானும் பார்த்தேன். கெமிஸ்ட்ரி படிக்கிறவள் அந்த வெள்ளை ஆவியில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டேன்.

அதில் அதிகம் சந்தோஷப்பட்டவள் அமலி. விடுதித் துணிகளை வெளுத்து மடிக்கிற வேலை அவளுக்கு. அய்யம்பாளையத்துக்காரி, அப்போது இருபத்துமூன்று வயது. கொடைக்கானலில் மேகம் இறங்கிவிட்டால் படுக்கைவிரிப்பு காய நாலு நாள் ஆகும். குழாயின் சூட்டில் ஒரே நாளில் காய்ந்தது. "அண்ணே, ஒங்க பொட்டி பெருமூச்சு விடுது, எஞ்சோலி வெரசா முடியுது. அதுக்குத் தெனம் ஒரு சாம்பிராணி போடணும்" என்றாள். மாமாவுக்கு அவள் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஜனவரி முழுவதும் அவரைப் பாராட்டாத ஆள் கிடையாது. உபகாரம் அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தில்கூட அதைக் குறிப்பிட்டாராம்.

அப்போது துணி அறையின் ஜன்னலில் இரண்டு கண்ணாடி உடைந்திருந்தது. அதனால்தான் அந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1982 அக்டோபரில் மழைக்கு முன்னால் கண்ணாடி மாற்றினார்கள். மேகம் உள்ளே வந்து காய்ந்த துணியை மறுபடி ஈரமாக்காமல் இருக்க, அமலி எப்போதும்போல் மைதாப் பசை காய்ச்சிச் சட்டத்தின் இடுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டினாள். இங்கே எல்லா வீட்டிலும் மழைக்கு முன் செய்கிற வேலைதான் அது.

நவம்பர் இரண்டாம் வாரம். மூன்று நாளாக மேகம் விலகவில்லை. அமலி தலை வலிக்கிறது என்று என் அம்மாவிடம் மாத்திரை கேட்டாள். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் கடையில் ஒரு அட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று மணிக்கு அம்மா போய்த் தட்டினாள். காற்றுக்குக் கதவு திறந்துகொள்ளும் என்று அவள் உள்தாழ்ப்பாள் போடுவது வழக்கம். மாமா வந்து கதவைப் பலமாக இழுத்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்துத் திறந்தார். விரிப்புக் குவியலின் மேல் தலைவைத்துப் படுத்திருந்தாள். முகம் சிவப்பாக, தூங்குகிற குழந்தைபோல் இருந்தது என்று அம்மா சொன்னாள். கையில் பாதி காலியான மாத்திரை அட்டை.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருந்தான். தாழ்ப்பாள் போட்ட கதவு, மாத்திரை அட்டை, முறிந்துபோன சம்பந்தம். ஊர் அரைமணி நேரத்தில் முடிவு செய்துவிட்டது. போலீஸ் வந்தால் விடுதிக்குக் கெட்ட பெயர் என்று உபகாரம் ஓடியாடி, மாரடைப்பு என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கினார். அதை யாரும் நம்பவில்லை. கோவிலில் மணி அடிக்கவில்லை. பூசை வைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவரோரமாக, தன்னையே மாய்த்துக்கொண்டவர்களை வைக்கிற இடத்தில் சிலுவை நடாமல் புதைத்தார்கள். அவள் அம்மா கித்தேரியம்மாள் அய்யம்பாளையத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மண் மூடி முடிந்திருந்தது. "எம்மக மாத்திரைய முழுங்குறவ இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

மாமா அன்று தன் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. மறுநாள் பாய்லரைப் பற்றவைத்துவிட்டுத் துணி அறைக்குப் போனார். இதை அவரே எனக்குச் சொன்னார். அவருக்கு ஒரு சந்தேகம். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு தடவை உலையைச் சுத்தம் செய்யப் போனவன் இப்படித்தான், சிவந்த முகத்தோடு கிடந்தானாம். அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அமலி படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. முதலில் நெற்றியில் கயிற்றைக் கட்டி இறுக்குகிற மாதிரி வலி. அப்புறம் எழுந்திருக்கவேண்டும் என்று தோன்றியது, ஆனால் கால் அவருடையதாக இல்லை. தவழ்ந்து கதவுக்கு வந்தார். எட்டிப் பிடியைத் திருகக் கையில் பலம் இல்லை. உள்ளே வரும்போது அவர் கவனிக்காமல் கழன்று விழுந்த செருப்பு கதவிடுக்கில் மாட்டியிருந்தது, அதனால் கதவு சாத்திக்கொள்ளவே இல்லை. தலையால் முட்டித் திறந்துகொண்டு வராந்தாவில் விழுந்தார்.

அன்றே குழாயை அறுத்து வடக்குச் சுவருக்குத் திருப்பினார். ஐஸ் பிடித்தால் போய்த் தட்டிவிடுவதற்கு ஒரு கம்பியைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிறகு நான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்வரை ஐந்து வாரம் யாரிடமும் பேசாமல் காத்திருந்தார்.

நான் வந்த அன்றைக்கே புத்தகத்தை என் மடியில் வைத்தார். "மொதல்ல இருந்து வாசி பாப்பா. ஒரு எழுத்து விடாம" என்றார்.

வாசித்தேன். வெளியேறும் வாயுவைத் திறந்த வெளியில் மட்டுமே விடவேண்டும். மனிதர்கள் இருக்கும் அறைக்குள் ஒருபோதும் விடக்கூடாது. அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. தலைவலி, மயக்கம், மரணம். நாலாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்திருக்கும், ஆகையால் கேஸ் வருகிற துவாரத்தைச் சிறியதாக மாற்றவேண்டும், மாற்றாவிட்டால் கேஸ் முழுதாக எரியாமல் விஷவாயு பல மடங்கு கூடும், சத்தம் மந்தமாகும். கொடைக்கானல் ஏழாயிரம் அடி. சென்னை மெக்கானிக் மாற்றவில்லை. நாங்கள் நன்றாக இருக்கிறது என்று ஒன்றரை வருடம் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அந்த மந்தமான சத்தம்.

கார்பன் மோனாக்சைடு. பிளஸ் டூ பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. எழுதியிருந்தேன். ஐந்தும் வாங்கியிருந்தேன்.

அன்று மாலையே மாமா உபகாரத்திடம் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்தவர் என்னிடம், இப்போதைக்கு யாரிடமும் சொல்லவேண்டாம் என்று மட்டும் சொன்னார். சென்னைக்கு எழுதிச் சின்னத் துவாரமுள்ள பாகத்தை வரவழைத்து மாற்றினார்கள். சத்தம் மாறியது. கணீரென்று ஒரு அதிர்வு. அதைக் கேட்ட அன்று மாமா பாய்லர் ரூமை விட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளுக்கு, கித்தேரியம்மாள் வத்தலக்குண்டு வந்து பஸ் மாறி மலை ஏறுவார். மாமா வெள்ளனே எழுந்து பஸ் நிலையத்தில் போய் நிற்பார். அவருடைய பையை வாங்கிக்கொண்டு, மேடு வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு, மேற்குச் சுவர்வரை கூட்டிப்போவார். அங்கே களை பிடுங்கி, சுற்றிக் கல் அடுக்கி வைத்திருப்பார். மெழுகுவத்தி காற்றில் அணையாமல் தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். கித்தேரியம்மாளின் சின்ன மகளுக்கு வருகிற சம்பந்தமெல்லாம் அமலி கதையைக் கேட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்லி அழுவார். மாமா, "அக்கா" என்று தொடங்குவார். அப்புறம், "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று முடிப்பார். இரண்டு தடவை நான் கூடவே போயிருந்தேன். இரண்டு தடவையும் இதையே பார்த்தேன்.

1984இல் பட்டம் வாங்கி வந்ததும் நான்தான் மனு எழுதினேன். பங்குச் சாமியாருக்கு. அமலி தற்கொலை செய்துகொள்ளவில்லை, பாய்லரின் விஷவாயுவால் இறந்தாள், குழாயை அந்த அறைக்குள் திருப்பியது பரமானந்தம், எச்சரிக்கைப் பக்கத்தை வாசிக்காமல் விட்டது நான், அவளுக்காகப் பூசை வைத்துச் சிலுவை நடவேண்டும் என்று. வாசித்துக் காட்டினேன். மாமா கேட்டுவிட்டு, "ஓம்பேர எடுத்துரு" என்றார்.

"அது உண்மைதான மாமா?"

"எடுத்துரு. எம்பேரு மட்டும் இருந்தா இப்பமே போடுறேன் கையெழுத்து."

அப்போதுதான் உபகாரம் சொன்னதைச் சொன்னார். "புத்தகத்தப் படிச்சுச் சொன்னது யாரு, லீமா மகதான? போலீஸ் கேசுன்னு வந்தா அந்தப் புள்ளயயும் சேத்துத்தான் இழுப்பான். காலேஜாவது ஒண்ணாவது. ஒனக்கு லைன்ல வீடும் இருக்காது. யோசிச்சுக்க" என்றாராம் மேனேஜர். தன் வீட்டுக்காக வாயை மூடினாரா எனக்காகவா என்று நான் கேட்டேன். அவர், "ரெண்டுந்தான். பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

என் பெயரை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அது பாதிப் பொய் என்று வாதாடினேன். படித்தவள் அல்லவா? நேர்மையைப் பற்றி அவருக்கு விளக்கம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் காகிதத்தை எடுத்துப்போவேன். "பேரு இருக்கா?" என்பார். "இருக்கு" என்பேன். "அப்ப இருக்கட்டும்" என்பார். இப்படி ஐந்து வருடம் போனது. அந்த ஐந்து வருடமும் அமலி சுவரோரத்தில் கிடந்தாள், கித்தேரியம்மாள் மலை ஏறி இறங்கினார். என் மனச்சாட்சி சுத்தமாக இருக்கவேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு விலை கொடுத்தது வேறு யாரோ. அது நேர்மையா, இல்லை பழியில் எனக்கும் பங்கு வேண்டும் என்ற ஒருவகை அகம்பாவமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

1989 மார்ச்சில் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. நான் வத்தலக்குண்டில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். அம்மா ஆள் அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் கதவோரம் இருந்தது. கதவிடுக்கில் செருப்பு இருந்தது. நர்ஸம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோய் விட்டுவிட்டாராம். என்னைப் பார்த்ததும், "அந்தக் காயிதம் இருக்கா?" என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். "ஓம்பேரு?" என்றார். நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு வார்த்த. அந்த அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கணும். நாக்கு வரைக்கும் வரும், கீழ எறங்கிரும்" என்றார்.

வீட்டுக்குப் போய் மனுவைத் திரும்ப எழுதினேன். என் பெயர் இல்லாமல். ஐந்து வருடத்தில் செய்யாததைக் கால் மணி நேரத்தில் செய்தேன். காலையில் பேனாவோடு போனபோது கட்டில் காலியாக இருந்தது. துப்புரவு செய்கிற அம்மாள் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது.

அவருக்கு மணி அடித்தார்கள். பூசை வைத்தார்கள். சிலுவையும் நட்டார்கள். பெட்டியை மூடும்போது என் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஏப்ரலில் நான் என் பெயரில் ஒரு மனு கொடுத்தேன். புதிதாக வந்திருந்த சாமியார் பொறுமையாக வாசித்தார். செய்தவர் உயிரோடிருந்து கையெழுத்துப் போட்டிருந்தால் மேலே ஆயருக்கு எழுதலாம் என்றார். மேனேஜரிடமும் விசாரித்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை, குழாய் எப்போதும் வடக்குச் சுவரில்தான் இருந்தது என்று உபகாரம் சொல்லிவிட்டார். துணி அறைச் சுவரில் இருந்த துளையை எப்போதோ சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள்.

இந்த நவம்பர் இரண்டாம் தேதி பஸ் நிலையத்தில் நான் போய் நின்றேன். கித்தேரியம்மாள் இறங்கிச் சுற்றும் பார்த்தார். மாமா இறந்தது அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். பையை வாங்கிக்கொண்டேன். மேடு ஏறினோம். முதல்முறையாக அந்த இடத்தில் களை முளைத்திருந்தது. மெழுகுவத்தி நிற்கவில்லை. நாலு தீக்குச்சி வீணானது. அப்போது சொன்னேன். பெட்டி, பனி, குழாய், நாலாம் பக்கம், மாத்திரை எதற்கு வாங்கினாள் என்பது, எல்லாம். என் பங்கையும் சேர்த்து ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் அழவில்லை. மண்ணைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தலவலி மாத்திர" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஆறு வருசம் எங்கையப் பிடிச்சுக் கூட்டியாந்தாரே, அப்பல்லாம் இது அவருக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்."

"நீ சொன்னது சரிம்மா. ஒம்மேல எனக்கு வருத்தமில்ல" என்றார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஆனா இது அவரு வாயால வரணும். அவரு கடன் நீ குடுத்துத் தீராது" என்றார்.

மாமாவின் கல்லறை கிழக்கே நல்ல இடத்தில் இருக்கிறது. போகும் வழியில்தான். கித்தேரியம்மாள் அதன் பக்கம் வந்ததும் நின்றார். பையில் மிச்சம் ஒரு மெழுகுவத்தி இருந்தது. அதை வெளியே எடுத்தார், கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.